தவளை முட்டையில் மரபணுவை முதலில் இயக்குவது எது?

ஹட்டன் மாணவி: எங்கள் லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் தவளை நுரைக்கூடு ஒட்டியிருக்கிறது. உள்ளே வெளிறிய முட்டைகள். எல்லாக் கலத்திலும் ஒரே டிஎன்ஏதானே? அப்புறம் எந்த மரபணு எங்கே இயங்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது, டீச்சர்?

பண்டாரவளை உயிரியல் ஆசிரியை: தாய்தான், மகள். முட்டை உருவாகும்போதே ஆர்என்ஏ (புரதம் செய்யச் சொல்லும் மரபணுவின் நகல்), புரதம் எல்லாம் உள்ளே வைத்துவிடுகிறாள். அதிகம் ஆராயப்பட்ட ஆப்பிரிக்க நகத் தவளையில் முதல் 12 கலப்பிரிவுகள் பெரும்பாலும் இந்தச் சேமிப்பில்தான் ஓடும். ஏறத்தாழ 4000 கலங்கள் ஆனபிறகே கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்கும். தாய் வைத்த வெஜ்-டி என்ற ஆர்என்ஏ மஞ்சட்கரு நிறைந்த அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கும். அதிலிருந்து உருவாகும் புரதம் அங்கே குடலுக்கான மரபணுக்களை இயக்கும்; அதனால் அங்குள்ள கலங்கள் குடலாகின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு!

பதுளை வாசகர்: மனிதரில் கருவின் சொந்த மரபணுக்கள் எப்போது இயங்கும்?

ஆசிரியை: பெருமளவில் 4 முதல் 8 கலக் கட்டத்தில். எலியில் 2 கலத்திலேயே.

கண்டி மாணவர்: பழ ஈயில் ஸெல்டா என்ற தாய்ப்புரதம் இறுக்கமாகச் சுருண்ட டிஎன்ஏவைத் திறந்து கொடுக்கும், அதன்பிறகே மரபணுக்களை இயக்கும் மற்றப் புரதங்கள் வந்து ஒட்டும்.