மையத்தில் வெள்ளநீர் புகுந்துவிட்டது: அவசர மானியம் கேட்கும் முன் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பகல்மையம் கேட்டது:

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். தரைத்தளத்தில் மழைநீர் புகுந்து மெயின் சுவிட்ச் போர்டு, தண்ணீர் மோட்டார், மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் மூன்றும் முழுகிவிட்டன. மையம் மூடிக்கிடக்கிறது. உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குச் சிறு அவசர மானியம் தரும் ஒரு அறக்கட்டளையின் இரண்டு பக்கப் படிவம் கையில் இருக்கிறது. முடிவு தெரியப் பத்து வேலைநாள் ஆகுமாம். எலக்ட்ரீஷியன் பாதித் தொகை அட்வான்ஸ் தந்தால்தான் சாமான் எடுப்பேன் என்கிறார்.

இப்போதே கொடுத்துவிட்டுப் பிறகு மானியத்தில் எடுத்துக்கொள்ள முடியுமா? இன்சூரன்ஸ் கிளெய்மும் போட்டிருக்கிறோம், அதைப் படிவத்தில் சொல்லணுமா? வாடகை இரண்டு மாதம் பாக்கி நிற்கிறது, அதையும் சேர்த்துக் கேட்கலாமா?

நிதிமேசை பதில்:

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், படிவத்தில் பேனா வைப்பதற்கும் முன், அறக்கட்டளைக்குப் போன் செய்யுங்கள். ஏற்கெனவே செலவழித்த பணத்தை அவசர மானியங்கள் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை. செலவு செய்ய அமைப்பிடமே பணம் இருந்ததே என்பது அவர்கள் தரப்பு. ஆனால் எந்தத் தேதியிலிருந்து வரும் பில்லை ஏற்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். சிலர் சம்பவ நாளிலிருந்து, சிலர் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, சிலர் ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாளிலிருந்து. இந்த ஒரு கேள்வியையாவது மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் சொன்ன "பரவாயில்லை, செய்யுங்க" என்பது தணிக்கையில் நிற்காது.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பைத் துண்டிப்பது, நீரை இறைப்பது, நனைந்த பாய் மெத்தைகளை வெளியேற்றுவது எல்லாம் பாதுகாப்பு வேலை. அதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். கையிருப்பிலிருந்து செய்து பில்லைத் தனியாக வையுங்கள். புது போர்டும் மோட்டாரும் ஃபிரிட்ஜும் மீட்பு வேலை. மானியம் கேட்பது இதற்கு. எலக்ட்ரீஷியனிடம் அட்வான்ஸுக்குப் பதில் வேறொரு வழியும் பேசிப் பார்க்கலாம்: சாமானுக்கான பணத்தைக் கடைக்கு நேராக அறக்கட்டளையே செலுத்துவது. பல அறக்கட்டளைகள் இதை விரும்பவும் செய்கின்றன.

வாடகைப் பாக்கியை இதில் சேர்க்காதீர்கள். தொடர்ந்து வரும் பற்றாக்குறையை அவசரம் என்று காட்டுவது இத்தகைய விண்ணப்பங்கள் திரும்பி வர ஒரு முக்கியக் காரணம். ஒரு வரி வாடகை சேர்ந்தால் நியாயமான மூன்று வரிகள்மீதும் சந்தேகம் விழும். வெள்ளத்தால் மையம் மூடி, அந்த நாள்களுக்கான கட்டண வரவு நின்றுபோனது என்றால் அது வேறு. முந்தைய இரண்டு மாத வரவுக் கணக்கைக் காட்டித் தனி வரியாகக் கேட்கலாம்.

படிவத்தில் "என்ன நடந்தது" என்ற கட்டத்தில் "கடும் பாதிப்பு ஏற்பட்டுள்ளது, தாங்கள் கருணையுடன் உதவ வேண்டும்" என்று எழுதினால் படிப்பவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள் (எண்கள் உதாரணத்துக்கு):

"தரைத்தளத்தில் 40 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றது. மெயின் போர்டு முழுகியதால் கட்டடம் முழுக்க மின்சாரம் இல்லை. தினமும் வரும் 24 குழந்தைகளுக்கு இயன்முறைச் சிகிச்சையும் மதிய உணவும் நின்றுவிட்டன. சாமான் வந்தபின் வேலைக்கு நான்கு நாள். சோதனைச் சான்று கிடைத்த மறுநாள் மையம் திறக்கும்."

எது நின்றது, எதனால் நின்றது, எதைச் செய்தால் எந்த நாளில் மீளும். இது மூன்றும் அந்த ஐந்து வரியிலேயே வந்துவிடுகிறது.

பேரேடு பதில்:

இன்சூரன்ஸைக் கட்டாயம் சொல்லணும். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கினால் அடுத்த முறை யாரும் தரமாட்டாங்க, சட்டச் சிக்கலும் வரும். சொல்றதால மானியம் கெட்டுப்போகாது. கிளெய்ம் முழுசா வர்றது அபூர்வம். பாலிசியில் நாம ஏத்துக்கிட்ட ஆரம்பத் தொகை கழியும், பொருளோட வயசுக்குத் தேய்மானம் கழியும். ஆறு வருஷம் ஓடின மோட்டாருக்குப் புது மோட்டார் விலை பெரும்பாலும் கிடைக்காது. அந்த இடைவெளியை மானியத்தில் கேட்கலாம். இல்லேன்னா முழுத் தொகையும் கேட்டு, "கிளெய்ம் பணம் வந்ததும் அந்த அளவுக்குத் திருப்பித் தருவோம்"னு எழுதிக் கொடுக்கலாம். எது வேணும்னு அறக்கட்டளைகிட்டயே கேளுங்க.

இன்சூரன்ஸ் கம்பெனியோட சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வர்றவர்) பார்க்கிற வரைக்கும் பழுதான எதையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிடாதீங்க. சுவரில் நீர் நின்ற கறை மேல அளவு டேப்பை வெச்சு ஒரு போட்டோ, ஒவ்வொரு கருவியோட சீரியல் நம்பர் தகட்டுக்குக் கிட்டப்போய் ஒரு போட்டோ, அறை முழுக்கத் தெரியுற மாதிரி ஒண்ணு. இதே படங்கள் மானியப் படிவத்துக்கும் ஆகும். ஃபிரிட்ஜுக்குள்ள இருந்த மருந்துகளையும் பேர், பேட்ச் நம்பரோட பட்டியல் போடுங்க. 2 முதல் 8 டிகிரிக்குள்ள வைக்கணும்னு இருக்கிற மருந்து வெளிச்சூட்டில் கிடந்திருந்தா மருந்தாளுநர்கிட்ட கேட்காம திரும்பக் குளிரில் வைச்சு உபயோகிக்கக் கூடாது. மருந்தை மறுபடி வாங்குற செலவு நியாயமான வரிதான், பல பேர் இதைக் கேட்கவே மறந்துடறாங்க.

பணம் தாமதமாகிறது முடிவெடுக்கிறதில் மட்டும் இல்லை. பதிவுச் சான்றில் இருக்கிற பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கிற பெயரும் ஒரு எழுத்து மாறினாலும் நிறுத்தி வைப்பாங்க. கணக்கில் கையெழுத்துப் போடற இரண்டு பேரில் ஒருத்தர் ஊரில் இல்லேன்னா வந்த பணத்தை எடுக்க முடியாது. பணம் வெளிநாட்டிலிருந்து வருதுன்னா முன்அனுமதி கேட்கிற நாடுகள் இருக்கு. அதையும் முதல்லயே பார்த்துடுங்க. வாங்கின பொருளுக்குக் கட்டின வரியை உங்க அமைப்பு திரும்பப் பெற முடியும்னா, வரி நீங்கலான தொகையைத்தான் கேட்கணும்.

பணம் வந்ததும் லெட்ஜரில் தனித் தலைப்பு. பொது வரவோட கலந்துட்டா பயன்பாட்டுச் சான்று (மானியம் எதுக்குச் செலவாச்சுன்னு காட்டுற சான்று) கொடுக்கும்போது எது எதுக்குப் போச்சுன்னு பிரிக்க முடியாது. மிச்சம் இருந்தா நீங்களா வேற எதுக்கும் திருப்பாதீங்க. முதலில் மெயில், அனுமதி வந்தபிறகு செலவு.

கைவிளக்கு பதில்:

நிதிமேசை சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு இடத்தைத் தவிர. குழந்தைகள் உள்ள கட்டடத்தில் மின்கசிவு ஆபத்து மீதமிருந்தால் போர்டு வேலையும் பாதுகாப்பு வேலைதான். அப்போது மெயில் பதிலுக்குக் காத்திருக்காமல் தொடங்கிவிடலாம். நிர்வாகக் குழு அன்றே கூடியோ மெயில் வழியாகவோ ஒரு தீர்மானம் போட்டு, காரணத்தையும் தேதியையும் எழுதி வைக்க வேண்டும். எந்தச் சூழலில் யார் முடிவெடுத்தார்கள் என்று தெரிந்தால் விதியைச் சற்றுத் தளர்த்த அறக்கட்டளைக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

கொட்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல விண்ணப்பங்கள் அங்கேதான் தடுமாறுகின்றன. "மின் வேலை மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரியில் வாங்காதீர்கள். சாமான், கூலி, போக்குவரத்து, வரி தனித்தனியாக வேண்டும். எந்தத் தேதிவரை அந்த விலை செல்லும் என்பதும் வேண்டும். பத்து நாள் முடிவுக்காகக் காத்திருக்கும்போது ஏழு நாளில் காலாவதியாகும் கொட்டேஷன் பயன்படாது. அறக்கட்டளை மூன்று கொட்டேஷன் கேட்டு, அத்தனையும் கிடைக்கவில்லையென்றால் ஒன்றையே வைத்து, யார் யாரைக் கேட்டீர்கள், ஏன் வரவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு எல்லா எலக்ட்ரீஷியன்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள், இது அறக்கட்டளைக்கும் தெரியும்.

ஏன் பழுதுபார்க்காமல் மாற்றுகிறீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். பதில் கருவிக்குக் கருவி வேறு. நீரில் முழுகிய சர்க்யூட் பிரேக்கரை உலர்த்தித் திரும்பப் போடக் கூடாது. உள்ளே படியும் சேறும் துருவும் அதன் இயக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மிகுமின்னோட்டம் வரும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்காமல் போகலாம். எனவே மாற்றத்தான் வேண்டும். மோட்டார் அப்படியல்ல. வைண்டிங்கை (உள்ளே சுற்றிய கம்பிச் சுருளை) உலர்த்தி, மெகர் என்ற அளவுக் கருவி வைத்து இன்சுலேஷன் பார்த்தால் பல நேரம் தேறிவிடும். ஆகவே போர்டுக்கு "மாற்று", மோட்டாருக்கு "சோதித்து, தேறாவிட்டால் மாற்று" என்று போடுங்கள். விண்ணப்பத்தின் நம்பகத்தன்மையே உயரும்.

"இதர செலவு 15 சதவீதம்" போன்ற வரி வேண்டாம். சுவரைத் திறந்தபின் கூடுதல் வயர் தேவைப்படலாம் என்றால், மீட்டருக்கு இவ்வளவு என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கையிருப்பை மறைக்காதீர்கள். கொஞ்சம் இருப்பு இருப்பதாலேயே பெரும்பாலும் நிராகரிப்பதில்லை. மறைத்தது பின்னால் தெரிந்தால் நிராகரிப்பார்கள். வங்கி இருப்பில் எவ்வளவு வேறு திட்டத்துக்கென்றே வந்த பணம், எவ்வளவு சம்பளத்துக்கு ஒதுக்கியது, எவ்வளவு உண்மையில் தொடக்கூடியது என்று பிரித்துக் காட்டுங்கள்.

பத்து நாள் உங்களுக்கு முடியாதென்றால் விரைவு முடிவு கேளுங்கள், தவறில்லை. ஸ்டார்ட் நெட்வொர்க் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் அவசர நிதி அதன் உறுப்பு அமைப்புகளுக்கானது. அங்கே 72 மணி நேரத்தில் முடிவெடுத்து 45 நாளில் வேலையை முடிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. வேகமான முடிவு நடைமுறையில் முடியாத ஒன்றல்ல.

பகல்மையம்:

மிக்க நன்றி. போனில் கேட்டோம், சம்பவ நாளிலிருந்து வரும் பில்லை ஏற்பார்களாம். மெயிலிலும் உறுதி செய்துவிட்டார்கள். இன்னொரு சிக்கல்: போர்டு வேலைக்கான கொட்டேஷன் மட்டுமே அவர்களின் உச்சவரம்பைவிட ஒன்றரை மடங்கு வருகிறது. உச்சவரம்பு அளவுக்குக் கேட்டால் போதுமா?

கைவிளக்கு:

மீதி எங்கிருந்து வரும் என்று காட்ட முடியாமல் உச்சவரம்பை மட்டும் கேட்டால், பாதியில் நிற்கும் வேலைக்குப் பணம் கொடுத்ததாகிவிடுமோ என்று தயங்குவார்கள். தானே முழுமையடையும் ஒரு துண்டைப் பிரித்தெடுங்கள். நீர் ஏறாத மேல்தளத்துக்கு மட்டும் புது மெயின் சுவிட்சிலிருந்து தனி லைன், ஒரு சிறு விநியோகப் போர்டு, கசிவு மின்னோட்டம் வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி. இதற்கு மட்டும் தனிக் கொட்டேஷன் வாங்குங்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைகளுக்கு மேல்தளம் ஆகாதென்றால் தரைத்தளத்தில் ஒரே ஒரு பெரிய அறையைத் தேர்ந்தெடுத்து, நீர்க்கறைக்கு மேலே வயர் ஓட்டச் சொல்லுங்கள். மீதி வேலையை இன்சூரன்ஸ் பணம் வந்ததும் இரண்டாம் கட்டமாகச் செய்வோம் என்று படிவத்தில் எழுதிவிடலாம். முதல் கட்டத்துக்கும் சோதனைச் சான்று தனியாகத் தேவை. அதன் கட்டணம் கொட்டேஷனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.