பத்து வயது மணிக்கு வீடு தேடினால் பேச்சு தயிர் சாதத்தில் வந்து நிற்கிறது

வேளச்சேரிவாசி: "பத்து வயது நாய்க்கு எதற்குத் தத்து வீடு? காப்பகத்தில் விட்டுத் தயிர் சாதம் போட்டால் கடைசி வரை நிம்மதியாகக் கிடக்கும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மணி லாப்ரடார். வீட்டைக் காலி செய்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு இவனை மட்டும் வாசலில் விட்டுப் போனார்கள். முகமெல்லாம் நரை. பின்னங்கால் மூட்டு தேய்ந்து டைல்ஸில் வழுக்குகிறான். நான் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முப்பது கிலோவைத் தினமும் நான்கு முறை தூக்கி இறக்குகிறேன். தரைத்தள வீடு, பகலில் ஆள் இருக்கும் வீடு. இவ்வளவுதான் கேட்கிறேன்.

பழையசோறு: அந்த ஒருவர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். எங்கள் கருப்பன் 14 வருடம் தயிர் சாதத்திலேயே இருந்தான். ஒரு ஊசி போட்டதில்லை.

வேளச்சேரிவாசி: வெறிநோய்த் தடுப்பூசி கூடவா போடவில்லை? இதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள்!

பழையசோறு: பேச்சை மாற்றாதீர்கள். தயிர் சாதம் கெடுதலா, இல்லையா?

ஈரோட்டான்: வயதான நாய்க்குத் தசை கரையும். தசை கரைந்தால் தேய்ந்த மூட்டுக்கு இன்னும் பாரம். முட்டை, கோழி வேண்டும். தயிர் சாதத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறதாம்?

பழையசோறு: வந்துவிட்டார் டாக்டர். 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வைப் படியுங்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பிரதிகள். சோறு தின்றுதான் நாய் நாயானது.

ஈரோட்டான்: செரிப்பது வேறு, போதுவது வேறு. எனக்குப் பரோட்டா கூடத்தான் செரிக்கிறது. போன வருடம் பூனை விஷயத்திலும் நீங்கள் இப்படித்தான் ஒரு ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

பழையசோறு: பூனையில் நான் சொன்னதுதான் சரி. அது போகட்டும். சிறுநீரகம் கெட்டால் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்களா, மாட்டார்களா?

வேளச்சேரிவாசி: மணிக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. எனக்கு வேண்டியது வீடு.

குரோம்பேட்டைமாமி: எங்கள் வீடு தரைத்தளம், சிவப்பு சிமெண்ட் தரை, வழுக்காது. நாங்கள் இருவரும் ரிடையர்டு, பகலெல்லாம் வீட்டில்தான். முன்பு வளர்த்த நாயும் வயதானதுதான். அசைவம் மட்டும் சமைப்பதில்லை, முட்டை வரை சரி. சனிக்கிழமை மணியை வந்து பார்க்கலாமா?

பழையசோறு: பார்த்தீர்களா! மாமி வீட்டில் தயிர் சாதம்தான்.

ஈரோட்டான்: முட்டை என்றும் எழுதியிருக்கிறார், கண்ணாடி போட்டுப் படியுங்கள். காப்பகம் காப்பகம் என்றீர்களே, நாற்பது நாய்களுக்கு நடுவில் தட்டு வைத்தால் மூட்டு போன கிழம் எழுந்து வருவதற்குள் குட்டிகள் நக்கி முடித்துவிடும்.

பழையசோறு: 1964இலிருந்து சென்னையில் புளூ கிராஸ் நடக்கிறது. அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

ஈரோட்டான்: அடிபட்டது, நோய்ப்பட்டது என்று வந்துகொண்டே இருக்கும் இடம் அது. நல்லா இருக்கிற நாயையும் அங்கே கொண்டுபோய்த் தள்ளினால் எப்படி?

அண்ணாநகர்2: நாயை விட்டுப் போனவர்கள் மேல் புகார் கொடுங்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வேளச்சேரிவாசி: அபராதம் தெரியுமா? முதல் தடவைக்கு அதிகபட்சம் 50 ரூபாய்.

பழையசோறு: ஐம்பது ரூபாய்க்குத் தயிர் வாங்கினாலாவது மணிக்கு ஆகும்.

ஈரோட்டான்: திரும்பவும் தயிரா!

பழையசோறு: 14 வருடம், ஐயா. பதினான்கு. உங்கள் கோழி தின்ற நாய் எத்தனை வருடம் இருந்தது, சொல்லுங்களேன்.

ஈரோட்டான்: அதை இழுக்காதீர்கள். அவன் போனது உண்ணிக் காய்ச்சலில். சாப்பாட்டால் இல்லை.

பழையசோறு: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

குரோம்பேட்டைமாமி: சனிக்கிழமை பற்றிக் கேட்டிருந்தேன். காலை பத்து மணிக்கு மேல் என்றால் வசதி.

அண்ணாநகர்2: மாமி, உங்கள் வீட்டில் உறைமோர் புளிக்குமா? புளித்த தயிர் நாய்க்கு ஆகாது என்பார்கள்.

பழையசோறு: யார் சொன்னது? கருப்பன் புளித்ததைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.