டொமைன் பெயரும் பக்க முகவரியும்: யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. செடி வளர்ப்பு பற்றித் தமிழில் ஓர் இணையதளம் தொடங்கப் போகிறேன். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) வாங்கும் முன் உங்கள் யோசனை வேண்டும்.

மக்கள் தேடும் சொல்லையே பெயராக வைத்தால் கூகுளில் மேலே வரும் என்கிறார்கள். ஆனால் தரமில்லாமல், பெயர் பலத்தில் மட்டும் முன்னுக்கு வந்த தளங்களை 2012-லேயே கூகுள் கீழே இறக்கிவிட்டது. அதனால் காதில் கேட்டதும் பிழையில்லாமல் டைப் செய்ய முடிகிற ஒரு சின்னத் தனிப்பெயரே நல்லது என்று நினைக்கிறேன். சரிதானா?

அதைவிடக் குழப்பம், டொமைனுக்குப் பின்னால் வரும் பக்க முகவரியில்தான். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு (_) வேண்டாம், சிறுகோடு (-) போடுங்கள் என்று கூகுளே சொல்கிறது. அது புரிகிறது. ஆனால் முகவரியைத் தமிழ் எழுத்தில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா? தமிழில் வைத்தால் வாசிப்பவருக்கு உடனே விஷயம் புரியும், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடுகிறது. ஏதோ வைரஸ் லிங்க் என்று பயந்து யாரும் தொடாமல் போய்விடுவார்களோ?

தமிழ் முகவரி வைத்திருப்பவர்கள் தேடலில் வித்தியாசம் தெரிந்ததா என்று சொல்லுங்கள். பின்னால் மாற்றினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட வேண்டிவரும். அதனால் இப்போதே முடிவெடுக்க வேண்டும்.