ஆண்டுக் கணக்கு சரியாக வருது, நடுவில் இடிக்குது: ஏழு வீடு சேர்ந்தால் தாண்டலாமா?

ஏழுவீடு கேட்டது:

வணக்கம். மாதாந்திரச் செலவு போக 1,000 மிஞ்சுகிற வீடு. (எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான்.) எப்போதாவது வரும் பெரிய செலவுகள் ஆண்டுக்கு மொத்தம் 12,000: இரண்டாம் மாதம் காப்பீடு 3,000, நான்காம் மாதம் பள்ளிக் கட்டணம் 4,500, எட்டாம் மாதம் வரி 2,000, பதினொன்றாம் மாதம் வீட்டுப் பழுதும் துணிமணியும் 2,500. கூட்டிக் கழித்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் நான்காம் மாதத்தைக் கடன் இல்லாமல் தாண்ட முடிவதில்லை.

இதே நிலையில் அக்கம்பக்கத்தில் மொத்தம் ஏழு வீடுகள். மூன்று யோசனை ஓடுகிறது: ஆளுக்கு மாதம் 1,000 போட்டு முறைவைத்து ஒருவர் எடுப்பது, பொருட்களை மொத்தமாக வாங்கிப் பிரிப்பது, குழந்தைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது. எது உருப்படும், எது எங்கே சொதப்பும்?

பேரேடு எழுதியது:

முதலில் குழி எவ்வளவு ஆழம் என்று அளந்துவிடுங்கள். ஒரு தாளில் 12 வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் முந்தைய மிச்சத்தோடு 1,000 கூட்டி, அந்த மாதப் பெரிய செலவைக் கழிக்க வேண்டும். உங்கள் எண்களுக்கு முதல் மாதம் 1,000, இரண்டில் −1,000, மூன்றில் 0, நான்கில் −3,500. அப்புறம் மெல்ல ஏறி ஏழில் −500, எட்டில் மறுபடி −1,500, பத்தில் 500, பதினொன்றில் −1,000, கடைசியில் 0. அதாவது ஆண்டுத் தொடக்கத்தில் கையில் 3,500 இருந்தால் ஒரு மாதமும் கடன் வேண்டாம். பன்னிரண்டாம் மாதக் கடைசியில் அந்த 3,500 அப்படியே கையில் நிற்கும். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு முறை போட்டு வைக்கிற இந்தத் தொகைதான்.

இப்போது சீட்டுக்கு வருவோம். ஏழு பேர், ஆளுக்கு 1,000, கையில் வருவது 7,000. பார்க்கப் பெரிய தொகை. ஆனால் நான்காம் மாத முடிவில் நீங்களும் 4,000 கட்டியிருப்பீர்கள். அது உங்கள் பணமே. மற்றவர்கள் உங்களுக்குக் கைமாற்றாகத் தந்தது 3,000 மட்டும். முதல் முறை எடுத்தாலும் நான்காம் முறை எடுத்தாலும் நான்காம் மாத நிலவரம் இதேதான். குழி 3,500, கிடைப்பது 3,000, ஆக இன்னும் 500 துண்டு விழும். உங்களுக்கு இரண்டாம் மாதத்திலும் 1,000 குறைவதால், முதல் இரண்டு முறைகளில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஏழாம் மாதம் சுற்று முடிந்ததும் எட்டில் 1,500 குழி திரும்பி வரும், அதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

அந்த 500-க்குப் பள்ளியில் இரண்டு தவணை கேட்டுப் பாருங்கள், அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். காப்பீட்டில் மட்டும் உஷார். ஆண்டுத் தொகையை 12 தவணையாக்கி 5% கூடுதல் போட்டால், கடைசிவரை முழுத் தொகையும் பாக்கி நிற்பதில்லை. மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 11% வட்டி.

மூன்றுபூட்டு எழுதியது:

பேரேடு சொன்ன கணக்கு சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ஏழு வீட்டுக்கும் நான்காம் மாதமே குழி என்றால் சீட்டால் ஒரு பயனும் இல்லை. எல்லோருக்கும் பள்ளிக் கட்டணம் ஒரே வாரத்தில் வரும்போது யாரிடம் இருந்து யார் வாங்குவது? பேசத் தொடங்கும் முன் ஏழு வீட்டின் 12 வரித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குழி மாதங்கள் சிதறி இருந்தால்தான் இது ஓடும். குலுக்கல் வேண்டாம், குழி மாதத்தைப் பார்த்தே முறை கொடுங்கள்.

ஆபத்து முன்னால் எடுப்பவரிடம் இருக்கிறது. முதலில் எடுத்தவர் மூன்றாம் மாதம் நின்றுவிட்டால் இன்னும் எடுக்காத ஐந்து பேருக்கும் அடி. வருமானம் ஏறி இறங்குகிறவருக்கு, அவருக்கே சங்கடமில்லாமல், பின்னால் உள்ள முறையைக் கொடுங்கள். கடைசியில் எடுப்பவர் வட்டியில்லாமல் சேமித்தவர் ஆகிறார். அடுத்த சுற்றில் வரிசையைத் திருப்பிவிட்டால் மனக்கசப்பு வராது.

உடம்புக்கு முடியாமல் போவது, வேலை போவது போன்றவற்றுக்குச் சீட்டுப் பணத்தைத் தொடவே கூடாது. அதற்குத் தனிப் பெட்டி. கேர் (CARE) என்ற உதவி அமைப்பு 1991-இல் ஆப்பிரிக்க நாடான நைஜரில் தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழுக்களின் ஏற்பாட்டைப் பாருங்கள்: ஒரு பெட்டி, மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி வேறொருவர் வீட்டில். எல்லோரும் கூடியிருக்கும்போதுதான் திறப்பார்கள். கடன் தருகிற பணமும் அவசர உதவிப் பணமும் ஒரே பெட்டிக்குள் தனித்தனிப் பையில் இருக்கும். ஏறக்குறைய ஓராண்டு முடிந்ததும் சேமிப்பை அவரவர் பங்குப்படி பிரித்துக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். கணக்கில் எங்காவது ஓட்டை இருந்தால் அந்த நாளில் வெளியே வந்துவிடும்.

ஏழு வீட்டுக்கு ஆளுக்கு மாதம் 50 போட்டால் ஆண்டுக்கு 4,200. அதில் இருந்து தருவது திரும்ப வேண்டிய கடனா, திரும்ப வேண்டாத உதவியா என்பதைக் கொடுக்கும் நாளிலேயே நோட்டில் எழுதுங்கள். இந்த ஒரு வரி எழுதாமல் விட்டாலே கூட்டுறவு உடையலாம்.

சல்லடை எழுதியது:

மொத்தக் கொள்முதலுக்கு: மூட்டை விலையைக் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள், அதோடு ஏற்றுகூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலநேரம் மிச்சம் அங்கேயே கரைந்திருக்கும். 25 கிலோவை ஏழாகப் பிரித்தால் தலைக்கு 3.57 வரும், சண்டைதான். 21 கிலோவை மும்மூன்றாகப் பிரித்துவிட்டு மீதி 4 கிலோவைக் கூடுதலாகக் கேட்கும் வீட்டுக்கு அதே விலைக்குக் கொடுங்கள்.

முழுத் தானியம் தாங்கும். மாவும் எண்ணெயும் அவ்வளவு நாள் தாங்காது, காறிவிடும். எனவே அவற்றை ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். பூச்சிக்கு: தானியத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் −18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்த உடனே பையைப் பிரித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வரட்டும். குளிர்ந்த தானியத்தின் மேல் காற்றின் ஈரம் படிந்தால் பூச்சி போய்ப் பூஞ்சை வரும்.

இன்னொன்று, வீட்டில் நிறைய இருந்தால் கை தாராளமாகப் போடும். மாத அளவைத் தனி டப்பாவில் எடுத்துவைத்துவிட்டு மீதியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

ஏழுவீடு எழுதியது:

மிக்க நன்றி. தாள் போட்டுப் பார்த்ததில் நான்கு வீட்டுக்கு ஒரே மாதம், மூன்று வீட்டுக்கு வேறு வேறு. நான்கு வீட்டுக்கு என்ன செய்வது? குழந்தை பார்ப்பதற்குச் சீட்டை மாதிரியே டோக்கன் வைக்கலாமா?

பேரேடு எழுதியது:

அந்த நான்கு வீட்டையும் ஒரே சீட்டில் போடாதீர்கள். அவர்களுக்கு 3,500-ஐச் சேர்ப்பதுதான் வழி. மாதச் செலவில் 300 குறைந்தால் 12 மாதத்தில் 3,600, குழி அத்தோடு மூடும். 300 எங்கே கிடைக்கும் என்றால் எப்போதும் ஓடுகிறவற்றில் தேடுங்கள். 60 வாட் குண்டு பல்பை 9 வாட் எல்இடி ஆக்கினால், தினம் 5 மணி நேரத்துக்கு ஆண்டுக்கு 93 யூனிட் மிச்சம். சும்மா செருகி வைத்த கருவி 5 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 44 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள்.

அரைமணி எழுதியது:

டோக்கன் வைக்கலாம், ஆனால் அது தேங்கும். வாஷிங்டன் கேபிடல் ஹில் பகுதியில் ஒரு குழந்தை பராமரிப்புக் கூட்டுறவு இருந்தது. ஒரு கூப்பன் அரை மணி நேரம். பின்னால் தேவைப்படுமே என்று எல்லோரும் கூப்பனைச் சேர்த்து வைத்தார்கள், யாரும் வெளியே போகவில்லை. அதனால் பார்த்துக்கொள்ள விரும்பியவர்களுக்கும் குழந்தை கிடைக்கவில்லை. கூடுதல் கூப்பன் அச்சடித்ததும் நகர்ந்தது. அப்புறம் அதிகமாகி, பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் போனது.

ஏழு வீட்டுக்கு அச்சடிப்பே வேண்டாம். ஒரு தாளில் +/− போதும். எல்லோரும் 0-வில் தொடங்கட்டும். +8 மணிக்கு மேல் ஏற விடாதீர்கள், −8-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். +8-ஐத் தொட்டவர் செலவழித்த பிறகே மறுபடி பார்க்கலாம். இரண்டு குழந்தைக்கு ஒன்றரை மடங்கு, இரவு 9-க்கு மேல் இரண்டு மடங்கு என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒவ்வாமை, மருந்து, யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம் என்கிற மூன்றும் ஒரு அட்டையில் எழுதிக் குழந்தையோடு வர வேண்டும். ஏழு வீட்டுக் கணக்கையும் கூட்டினால் எப்போதும் 0 வரணும். வராவிட்டால் யாரோ ஒரு வரியைப் பதிய மறந்திருக்கிறார்கள்.