தாடையில் கட்டி, காரணம் கழுத்தில்

நெல்லை மகள்:
அம்மாவுக்கு 56 வயது. முந்தின வருடம் ஐப்பசியில் கீழ்த்தாடையின் வலப்பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கியது. பக்கத்துப் பற்கள் ஆட ஆரம்பித்தன. முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் அந்த இடம் மட்டும் கறுப்பாக, தேன்கூடு மாதிரி தெரிந்தது. ஒரு மருத்துவமனையில் இரண்டு பல்லை எடுத்து, கட்டியைச் சுரண்டிவிட்டார்கள். பயாப்சியில் 'ஜெயண்ட் செல்', அதாவது ராட்சத செல்கள் உள்ள கட்டி என்று வந்தது. புற்றுநோய் இல்லை என்றார்கள், நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

மாசிக்குள் அதே இடத்தில் மறுபடி வீக்கம். எலும்பு கூடவே இல்லை. இந்த முறை தாடையையே கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும் என்று சொன்னதும் அம்மா சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, "அம்மா, உங்களுக்குக் கிட்னியில் கல் வந்திருக்கா?" என்று கேட்டார். இரண்டு தடவை வந்திருக்கிறது. கை கால் குடைச்சல், மலச்சிக்கல், எந்நேரமும் அசதி என்று எல்லாமே இருந்தது. வயசாகிவிட்டது என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் கால்சியம் 12.1. சாதாரணமாக 10.5-க்குள் இருக்க வேண்டும். பிடிஎச் என்கிற பாராதைராய்டு ஹார்மோன் 480. அது 65-ஐத் தாண்டக் கூடாது. தைராய்டுக்குப் பின்னால் அரிசி, பருப்பு அளவில் நான்கு சுரப்பிகள் இருக்குமாம். அதில் ஒன்று நிலக்கடலை அளவுக்குப் பெருத்து, ஓயாமல் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருந்தது. அந்த ஹார்மோன் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்தில் கொட்டும். அப்படி எலும்பு கரைந்த இடத்தில் வரும் பிரவுன் டியூமர் என்கிற கட்டிதான் தாடையில் இருந்தது. மூலத்தை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் சுரண்டினால் எலும்பு எப்படிக் கூடும்?

சித்திரையில் கழுத்தில் ஆபரேஷன் செய்து அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். மறுநாள் காலை அம்மாவுக்கு உதடும் விரல்நுனியும் மரமரத்துப்போயின. நான் பதறிவிட்டேன். பட்டினி கிடந்த எலும்பு ரத்தத்திலிருந்த கால்சியத்தை எல்லாம் இழுத்துக்கொள்கிறது என்று விளக்கி, டிரிப்பில் கால்சியம் ஏற்றினார்கள். அப்புறம் பல வாரம் மாத்திரை.

தாடையில் யாரும் கைவைக்கவே இல்லை. ஏழு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்பு வெளுத்து, எலும்பு நிரம்பியிருந்தது. இப்போது அந்தப் பக்கமாகவே முறுக்கு கடிக்கிறார்.

ஈரோட்டுக்காரர்:
படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது சகோதரி. என் கதை வேறு. பைக்கில் விழுந்து தாடை உடைந்தது. பிளேட் வைத்து, பல்லைக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் கழித்தும் அழுத்தினால் வலி. விட்டமின் டி வெறும் 9. அது குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது, ஈடுகட்ட பிடிஎச் ஏறும், எலும்பிலிருந்தே எடுக்கும் என்றார் டாக்டர். வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், எட்டு வாரம். என் மாமியார் ஊசி இல்லாத சிரிஞ்சில் கேழ்வரகுக் கஞ்சியைக் கன்னத்து ஓரமாக ஊட்டினார். அதை இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். எலும்பு கூடிவிட்டது, தாமதமாகத்தான்.

தஞ்சை டீச்சர்:
மாதவிலக்கு நின்றவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எலும்பைத் தின்னும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் எலும்பு வேகமாகத் தேயும். அதற்காக நான் வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை போட்டுவந்தேன். பல் பிடுங்கும்போது அதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. புண் ஆறாமல் மூன்று மாதம் எலும்பு வெளியே தெரிந்தது. இந்த வகை மருந்துகளால் தாடை எலும்பு செத்துப்போவதை 2003-லேயே மார்க்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 36 நோயாளிகளை வைத்து எழுதியிருக்கிறார். அவர்கள் எல்லோருமே ஊசியாக எடுத்தவர்கள். மாத்திரையில் ஆபத்து குறைவுதான், ஆனாலும் பல் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஈரோட்டுக்காரர்:
சகோதரி, பிடிஎச் மட்டும் பார்த்தால் போதுமா?

நெல்லை மகள்:
போதாது அண்ணா. ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் கால்சியம், பிடிஎச் இரண்டையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு விட்டமின் டி குறைந்து பிடிஎச் ஏறியது, அம்மாவுக்குச் சுரப்பியே கெட்டது. கால்சியத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று பிரித்துச் சொல்ல முடியும். கூடவே விட்டமின் டி, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் எழுதிக் கொடுத்தார்கள்.