ஏலகிரி வளைவில் சிமெண்ட் லாரிக்கு இல்லாத பயம் வைக்கோல் லாரிக்கு ஏன்?

ஜோலார்பேட்டை டிப்ளமோ:

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முதல் வருஷம் படிக்கிறேன். அப்பா மினி லாரி வைத்திருக்கிறார். பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு சிமெண்ட் ஏற்றிப் போவார், சில நாள் மாட்டுக்கு வைக்கோல் கட்டு. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு.

வகுப்பில் நடத்தியது இது: வளைவில் சறுக்காமல் போகக்கூடிய அதிகபட்ச வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் குணகம் × ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) × வளைவின் ஆரம். இதில் நிறை என்பதே வரவில்லை. ஆனால் அப்பா 4 டன் சிமெண்டோடு சாதாரணமாகத் திரும்புகிறார், 2 டன் வைக்கோல் என்றால் ஊர்ந்துதான் போகிறார். பாதி எடைதானே? கேட்டால், "வைக்கோல் வண்டியையே சாய்ச்சிடும்மா" என்கிறார். ஃபார்முலா சரியா, அப்பா சரியா?

இன்னொரு சந்தேகம். மையவிலக்கு விசையைப் படத்தில் போட்டால் மார்க் குறைக்கிறார்கள். அதைப் போடாமல் வண்டி எதனால் வெளிப்பக்கம் சாய்கிறது என்று எப்படிச் சொல்வது?

குடியாத்தம் மெக்:

மையவிலக்கு விசை பொய் விசை. பரீட்சையில் போடாதீங்க, அவ்வளவுதான். நிறை ஏன் வரவில்லை என்றால், எடை கூடினால் உராய்வும் கூடும், வண்டியைத் திருப்பத் தேவைப்படும் விசையும் அதே அளவு கூடும். இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். வைக்கோல் விஷயம் எனக்கும் தெரியலை.

இராணிப்பேட்டை ஃபிட்டர்:

உன் அப்பாவும் சரி, ஃபார்முலாவும் சரிம்மா. வண்டி வழுக்குமா என்ற கேள்விக்குத்தான் அந்த ஃபார்முலா பதில் சொல்கிறது. அப்பாவுக்கு இருப்பது வண்டி கவிழுமோ என்ற பயம். அதற்குக் கணக்கு வேறு.

முதலில் படத்தைச் சரி செய்வோம். சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வேலை பார்த்தவன் நான். புதுப் பையன் தனித்த பொருள் விசைப்படம் (ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகக் காட்டும் படம்) வரைந்து கொண்டுவந்தால், ஒவ்வொரு அம்புக்குறி மேலும் விரலை வைத்து "இதைக் கொடுப்பது யார்?" என்று கேட்பேன். கிரேனில் தொங்கும் பிளேட் என்றால் கீழ்நோக்கிய அம்பைப் பூமி கொடுக்கிறது, மேல்நோக்கிய அம்பைச் சங்கிலி கொடுக்கிறது. கொடுப்பவர் பெயர் சொல்ல முடியாத அம்பை அழித்துவிட வேண்டும். வளைவில் போகும் உன் லாரியைத் தொடுவது ரோடு மட்டும்தான் (காற்றை இப்போதைக்கு விட்டுவிடு). அப்படியென்றால் பூமி கொடுக்கும் எடை, ரோடு டயர்களுக்கு மேல்நோக்கிக் கொடுக்கும் எதிர்விசை, ரோடு டயரை வளைவின் உள்பக்கமாகத் தள்ளும் உராய்வு. இந்த மூன்றுக்கு மேல் எதுவும் இல்லை. வண்டியைத் திருப்புவது அந்த உராய்வுதான், மையநோக்கு விசை என்று புத்தகம் சொல்வதும் அதையேதான். டயர் வழுக்காமல் உருளும்வரை அது நிலை உராய்வு.

குடியாத்தம் தம்பி 'பொய் விசை' என்றதோடு விட்டுவிட்டார். வண்டிக்குள் உட்கார்ந்தபடி, வண்டியே அசையாமல் நிற்பதாக எடுத்துக்கொண்டால் மையவிலக்கு விசையைப் போட்டுத்தான் கணக்குச் செய்ய வேண்டும், அதில் தப்பில்லை. ரோட்டோரம் நின்று பார்ப்பவர் வரையும் படத்தில் அதையும் சேர்த்துப் போடுவதுதான் தப்பு. உன் மார்க் போவது அதனால்தான்.

இப்போது சாய்வுக்கு வருவோம். உராய்வு டயரின் அடியில், தரை மட்டத்தில் தள்ளுகிறது. வண்டியின் ஈர்ப்பு மையம் அதற்கு மேலே இருக்கிறது. காலடியை மட்டும் உள்பக்கம் தள்ளினால் மேல்பாகம் வெளிப்பக்கம் சாயத்தானே செய்யும்? அந்தத் திருப்புத்திறன் = உராய்வு × ஈர்ப்பு மையத்தின் உயரம். இதைத் தாங்க வெளிப்பக்கச் சக்கரங்கள் அதிகச் சுமையை வாங்கிக்கொள்ளும், உள்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை குறையும். உள்சக்கரத்தின் சுமை பூஜ்யமானால் அதுதான் எல்லை. அந்த நிலையில் உராய்வு ÷ எடை = சக்கர இடைவெளியில் பாதி ÷ ஈர்ப்பு மைய உயரம். இந்த எண்ணைத்தான் கீழே கவிழும் எல்லை என்கிறேன்.

உன் அப்பாவின் வண்டிக்கு உத்தேசமாக எண் போடுகிறேன். காலி வண்டி 2.5 டன், அதன் ஈர்ப்பு மையம் 0.8 மீட்டர் உயரத்தில். சக்கர இடைவெளியில் பாதி 0.75 மீட்டர். சிமெண்ட் 4 டன், மூட்டைகளின் நடு 1.2 மீட்டரில். வைக்கோல் 2 டன், ஆனால் கட்டு உச்சி 3.8 மீட்டர் வரை போகும், அதன் நடு 2.4 மீட்டரில்.

சிமெண்ட்: (2.5 × 0.8 + 4 × 1.2) ÷ 6.5 = 1.05 மீட்டர். கவிழும் எல்லை 0.71.
வைக்கோல்: (2.5 × 0.8 + 2 × 2.4) ÷ 4.5 = 1.51 மீட்டர். கவிழும் எல்லை 0.5.

காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் குணகம் 0.7, வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று வை. வழுக்கும் வேகம் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான், மணிக்கு 33 கிமீ. ஆனால் அதே ஃபார்முலாவில் குணகத்துக்குப் பதில் கவிழும் எல்லை 0.5ஐப் போட்டால், வைக்கோல் வண்டி 28 கிமீயிலேயே உள்சக்கரத்தைத் தூக்கிவிடும். டயர் வழுக்கி ஓட்டுநரை எச்சரிக்கவே இல்லை, அதற்குள் வண்டி சாய்ந்துவிடுகிறது. உன் அப்பா சொன்னது இதைத்தான்.

மழை பெய்தால் குணகத்தை 0.4 என்று எடு. அப்போது இரண்டுமே 25 கிமீயில் வழுக்கும், கவிழும் எல்லை வரை போகாது. ஆனால் வழுக்கிப் போய் ஓரக்கல்லில் டயர் முட்டினால் கவிழும்.

ஆம்பூர் ஹெவி லைசென்ஸ்:

ஐயா, இறங்கும்போது எப்படி? வளைவுக்குள்ளே பிரேக் மிதிக்காதே, முன்னாடியே கியரைக் குறைத்துவிடு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இராணிப்பேட்டை ஃபிட்டர்:

சரியாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் பிடிப்பு ஒன்றுதான், பிரேக்கும் திருப்பமும் அதையே பங்கு போட்டுக்கொள்கின்றன. மொத்தம் 0.7 என்றால், பிரேக்குக்கு 0.5 போனபின் திருப்பத்துக்கு 0.2 மிச்சம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் செங்குத்துத் திசை, அதனால் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும்: 0.49 − 0.25 = 0.24, வர்க்கமூலம் 0.49. காய்ந்த ரோட்டில் தப்பிக்கலாம். ஈரத்தில் மொத்தமே 0.4, அதில் பிரேக் 0.35 தின்றால் திருப்பத்துக்கு 0.19தான். முன்சக்கரம் லாக் ஆகிவிட்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

ஜோலார்பேட்டை டிப்ளமோ:

ரொம்ப நன்றி ஐயா. உள்சக்கரத்தின் சுமை பூஜ்யம் என்ற இடத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வைக்கோலைப் பாதியாக்கிப் போட்டுப் பார்த்தேன். 1 டன், கட்டின் நடு 1.7 மீட்டர். ஈர்ப்பு மையம் 1.06, எல்லை 0.71. சிமெண்ட் வண்டிக்கு வந்ததே வருகிறது! அப்பாவிடம் காட்டினேன். இரண்டு நடைக்கு டீசல் யார் தருவது என்று கேட்கிறார்.

இராணிப்பேட்டை ஃபிட்டர்:

கணக்குச் சரி. டீசல் கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் அப்பாவிடம் ஒன்று சொல்: நான் போட்டது ஸ்பிரிங்கே இல்லாத வண்டிக்கான கணக்கு. நிஜத்தில் பட்டை ஸ்பிரிங் அமுங்கி பாடி வெளிப்பக்கம் சாயும், கயிறு தளர்ந்தால் கட்டும் கூடவே நகரும். ஈர்ப்பு மையம் வெளிச்சக்கரத்தை நெருங்கிவிடுவதால் 28 கிமீ என்பது இன்னும் குறையும். முழு லோடு என்றால் அவர் ஊர்ந்து போவதே சரி.

டேப் எடுத்து சக்கர இடைவெளியை நீயே அளந்து பார். பின்னால் இரட்டை டயர் என்றால் இந்தப் பக்க வெளி டயரின் நடுவிலிருந்து அந்தப் பக்க வெளி டயரின் நடு வரைக்கும் அள. வந்ததை இங்கே போடு, 0.75ஐ மாற்றித் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.