டிஎல்பி இன்வாலிடேஷன்: ‘அழிப்பு’ வேண்டாம், ‘செல்லாதாக்கல்’ என்போம்

வணக்கம்.

டிஎல்பி (TLB) என்பது முகவரிப் பெயர்ப்புகளைச் செயலி குறித்து வைத்துக்கொள்ளும் சிறு தேக்ககம். அதிலுள்ள குறிப்புகளை இனிப் பயன்படுத்தாதபடி செய்வதே இன்வாலிடேஷன். அதற்குத் தமிழில் ‘பெயர்ப்பு அழிப்பு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சின்னச் சொல், வாயிலும் எளிதாக வருகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரியை நினைவகத்தின் மெய் முகவரியாகப் பெயர்க்கச் செயலி, இரண்டையும் இணைத்துக் காட்டும் பக்க அட்டவணையைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் படித்தால் கட்டுப்படியாகாது. அதனால் கிடைத்த விடையை டிஎல்பியில் குறித்து வைத்துக்கொள்கிறது. மெய்நிகர் எந்திரத்தில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், இந்தச் செலவு இன்னும் ஏறும். உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு நான்கு அடுக்கு அட்டவணை, அந்த எந்திரத்தை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கு நான்கு அடுக்கு என்றால், ஒரே ஒரு பெயர்ப்புக்கு 24 முறை வரை நினைவகத்தைத் தொட நேரிடும். ஆகவே தேவையில்லாமல் ஒரு குறிப்பைக்கூட இழக்க ஹைப்பர்வைசர் எழுதுபவர்களுக்கு மனம் வராது.

ஆனால் அட்டவணை மாறிவிட்டால் பழைய குறிப்பை நம்பக் கூடாது. அப்போது அழிவது எது? அட்டவணை அழியவில்லை, நினைவகத்தில் இருக்கும் தரவும் அழியவில்லை. சில நேரம் குறிப்பேகூட அழிவதில்லை! இன்டெல் செயலிகளின் விபிஐடி (VPID), ஏஎம்டி செயலிகளின் ஏஎஸ்ஐடி (ASID) என்ற வசதிகள் இரண்டும் ஒவ்வொரு குறிப்பிலும் ஓர் அடையாள எண்ணை ஒட்டிவைக்கின்றன. மெய்நிகர் எந்திரத்தின் செயலிக்கு, அதாவது மெய்நிகர் செயலிக்கு, புது எண் கொடுத்துவிட்டால், பழைய எண் ஒட்டிய குறிப்புகள் இருந்த இடத்திலேயே கிடக்கும். எந்தத் தேடலுக்கும் பொருந்தாது. இதைப் போய் ‘அழிப்பு’ என்று எழுதினால், முதன்முதலாகப் படிக்கிற மாணவருக்குத் தவறான படம்தான் மனதில் விழும். ‘காலாவதி’யும் சரிவராது. அது தானாக நேர்வது. இது ஒருவர் கட்டளையிட்டுச் செய்வது.

நம்மிடம் ‘செல்லாது’ இருக்கிறதே. செல்லாக்காசு கையில்தான் இருக்கும், ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள். டிஎல்பி குறிப்புக்கு நேர்வதும் அதேதான். எனவே வினை ‘செல்லாதாக்கு’, தொழிற்பெயர் ‘செல்லாதாக்கல்’, அந்தக் குறிப்பு ‘செல்லாக்குறிப்பு’. இன்னும் சுருக்கி ‘செல்லாவாக்கல்’ என்று வைத்தால் தேர்தல் வாக்கு நினைவுக்கு வந்துவிடும், அது வேண்டாம்.

எல்லாக் குறிப்புகளையும் ஒரேயடியாக நீக்கும் ஃப்ளஷ் (flush) என்பதற்குத் தனிச்சொல் கேட்டிருந்தீர்கள். தரவுத் தேக்ககத்தில் (data cache) மாறிய தரவை நினைவகத்தில் எழுதிவிட்டு வெளியேற்றும் வேலையையும் அப்படி அழைப்பதுண்டு. டிஎல்பியில் அப்படி எழுதிவைக்க வேண்டிய தரவு இல்லை. ‘முழுச் செல்லாதாக்கல்’ போதும்.

டிஎல்பி ஷூட்டவுன் (shootdown) என்பதைச் ‘சுட்டு வீழ்த்தல்’ என்று மட்டும் பெயர்க்காதீர்கள். அங்கே நடப்பது, ஒரு செயலி மற்றச் செயலிகளுக்குக் குறுக்கீடு (interrupt) அனுப்பி, அவை தத்தம் குறிப்புகளைச் செல்லாதாக்கிப் பதில் சொல்லும் வரை காத்திருப்பது. ‘அறிவித்துச் செல்லாதாக்கல்’ என்கிறேன். நீளம்தான், ஆனால் வேலை முழுவதும் அதில் தெரிகிறது. மெய்நிகர் எந்திரத்தில் இந்தக் காத்திருப்புதான் பெரிய தொல்லை: பதில் சொல்ல வேண்டிய மெய்நிகர் செயலி அந்த நேரம் ஓடாமலே நிறுத்தப்பட்டிருக்கலாம். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் (KVM) அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. என் சொற்களில் எழுதிப் பார்க்கிறேன் (‘கொடி’ என்பது நினைவகத்தில் வைக்கும் ஓர் அடையாளக் குறி):

“நிறுத்தப்பட்டிருக்கும் மெய்நிகர் செயலிக்கு அறிவிப்பு அனுப்பப்படாது, ஒரு கொடி மட்டும் ஏற்றப்படும். அது மீண்டும் ஓடத் தொடங்குமுன் ஹைப்பர்வைசர் அதன் குறிப்புகளைச் செல்லாதாக்கும்.”

இதே இரண்டு வரியை ‘அழிப்பு’ போட்டும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். எது தெளிவாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.